புளி போட்டுத் தேய்த்த பெயர்



பித்தளையைக் கண்டால் நம்மவர் கை தானாகவே புளியைத் தேடும். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, தாம்பாளம், செம்பு எல்லாம் வீட்டின் பின்புறம் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எவருக்கும் இது மறக்காது. தேய்த்து முடித்த விளக்கில் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அம்மா மறுபடியும் தேய்க்கச் சொல்வார். அந்தப் பழக்கம்தான் சென்ற ஆண்டு என்னைத் தலைகுனிய வைத்தது.

எங்கள் பள்ளியில் ஊதுகருவிகள் கொண்ட ஒரு சிறு இசைக்குழுவைத் தொடங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. புதுக்கருவிகளின் விலை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையிருப்புக்கு எட்டாத தொலைவில் இருந்தது. ஆகவே பழைய கருவிகளைத் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. மலாக்கா நகரில் ஒரு பழம்பொருள் கடையில் யூபோனியம் ஒன்று கிடைத்தது. மடியில் வைத்து ஊதும் பெரிய கருவி, மூன்று வால்வுகள், குழல் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. கடைக்காரர் சொன்ன கதை கருவியைவிடப் பளபளப்பாக இருந்தது. "இது பட்டாளத்துச் சாமான். அறுபதுகளில் தெரெண்டாக் முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊதியது. அசல் இலண்டன்!" என்றார். விரிந்த வாய்ப்பகுதியில் ஏதோ மங்கலாகப் பொறித்திருந்ததை நானும் பார்த்தேன். வாசிக்கவில்லை. சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. ஒரு படம் எடுக்கவும் தோன்றவில்லை. எழுநூறு வெள்ளிக்குப் பேசி முடித்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்த முதல் வேலை, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தது. கறை போகாத இடங்களில் இரும்பு நார். பிறகு கடையில் விற்கும் பாலிஷ். மூன்று மணி நேர உழைப்பு! சங்கக் கூட்டத்தில் மேசைமீது வைத்தபோது மண்டபமே மின்னியது. அப்போது பெற்றோர் ஒருவர் எழுந்து, "சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா இத யாரு செஞ்சது? எழுநூறு வெள்ளி பெறுமா?" என்று கேட்டார். லாரி ஓட்டும் மனிதர். சிற்றுண்டி விற்பனைக்கு விடியற்காலையில் வந்து இட்லி அவித்தவர்களுள் அவரும் ஒருவர். அந்த எழுநூறில் அவருடைய வியர்வையும் உண்டு. நான் கருவியைத் திருப்பி எழுத்தைக் காட்டப் போனேன். எழுத்தைக் காணவில்லை.

பல்லாண்டுகளாகப் பலர் துடைத்துத் துடைத்து ஏற்கெனவே தேய்ந்திருந்த பொறிப்பு அது. மிச்சமிருந்ததை நான் முடித்துவைத்தேன்.

யார் செய்தது என்ற அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். அது நியாயமான கேள்வி. ஆனால் வாய்ப்பகுதியில் பெயர் தெளிவாக இருந்திருந்தால்கூட நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். பெயரை வாசித்துக் காட்டியிருப்பேன், அவ்வளவே. இரண்டும் வேறு என்பதைத் தமிழர் வீட்டில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தையோ தாம்பாளத்தையோ எடுத்துப் பாருங்கள். கழுத்தருகே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அது கன்னார் பெயரா? இல்லை. கல்யாணத்துக்குச் சீர் கொடுத்த தாய்மாமன் பெயர். அல்லது வீட்டுக்காரர் பெயர். சிலவற்றில் தேதியும் இருக்கும். குடத்தை அடித்து உருவாக்கியவர் பெயரில்லாமல் போய்விட்டார். இதை நாம் அறிவோம். அறிந்திருந்தும், ஆங்கில எழுத்தில் 'இலண்டன்' என்று பொறித்த ஊதுகருவியைக் கண்டால் மட்டும் அதைச் செய்தவரே கையெழுத்திட்டதாக நம்பிவிடுகிறோம்.

ஊதுகருவிகளிலும் அந்தத் தாய்மாமன்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டிலும் பெரும் தொழிற்கூடங்கள் பெயர் பொறிக்காமலோ, வாங்கும் கடைக்காரரின் பெயரைப் பொறித்தோ கருவிகளை அனுப்பின. பொஹீமியாவின் கிராஸ்லிட்ஸ் (இன்று செக் நாட்டின் கிராஸ்லிட்சே), அதற்கு அருகில் ஜெர்மனியின் மார்க்நோய்கிர்ஷன் ஆகிய ஊர்கள் இவ்வகைக் கருவிகளை உலகெங்கும் அனுப்பியவை. கடைக்காரர் பெயர், இசைக்குழுவின் பெயர், குழுத்தலைவர் பெயர், நன்கொடை அளித்த புண்ணியவான் பெயர் என யாருடைய பெயரும் அந்த வாயில் ஏறலாம். இந்தியத் துணைக்கண்டத்தில் மீரட் நகரில் 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் இன்றளவும் அறியப்பட்ட பெயர். இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டும் இத்தகைய கருவிகளுக்குப் பெயர்போனது. இவ்விடங்களில் ஆங்கிலேயக் கருவிகளின் வடிவத்தைப் பின்பற்றியே பலவும் செய்யப்பட்டன. கல்யாண ஊர்வலத்தில் ஊதுவதற்கு அவை போதுமானவையே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் வேறு பெயரைப் பொறித்து வேறு விலைக்கு விற்கும்போதுதான் வம்பு.

2008இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு ஜோங்கர் சாலைப் பக்கம் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகினால் 'பழமை'யும் பெருகும். அழகுக்காகச் செய்து, வேண்டுமென்றே கறுப்பேற்றிய பித்தளைக் கொம்புகளும் கிராமபோன் குழல்களும் உலகின் எல்லாச் சுற்றுலா நகரங்களிலும் விற்கின்றன. அவற்றின் வால்வுகளை அழுத்திப் பாருங்கள். அசையாது, அல்லது அசைந்தாலும் காற்று கசியும். பள்ளிக்கு வாங்கப் போகிறவர்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து இரண்டு வாரம் அந்தக் கருவியை ஏறிட்டுப் பார்க்கவே எனக்கு மனமில்லை. வகுப்பறை மூலையில் கிடந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திதான், "சார், தாத்தா வீட்டுக் குடத்துல பேரு தெரியலன்னா இருட்டுல டார்ச்லைட் பிடிச்சுப் பார்ப்பாங்க" என்றாள். எனக்குத் தோன்றாத வழி! நூலக அறையின் திரைகளை இழுத்து மூடினோம். விளக்கை நேராகப் பிடிக்காமல், உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தோம். நேர் வெளிச்சத்தில் மொழுமொழுவென்று தெரிந்த இடத்தில் நிழல்கள் எழுந்தன. ஒரு மாணவன் வரைந்துகொண்டான். இருவர் விளக்கைச் சிறிது சிறிதாக நகர்த்தினர். முதலில் ஒரு வளைகோடு. பிறகு ஓர் எண்: 295. அதையடுத்து 'ரீஜ' என்று வாசிக்கத்தக்க மூன்று ஆங்கில எழுத்துகள். வேறெதுவும் எழவில்லை.

அதுவே போதுமானதாக இருந்தது. இலண்டன் ரீஜண்ட் தெரு 295ஆம் எண், பூசி நிறுவனத்தின் முகவரி. 1874இல் அங்குக் குடியேறிய பூசி, 1930இல் ஹாக்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 'பூசி அண்ட் ஹாக்ஸ்' ஆனது. இணைந்த பிறகும் அதே முகவரி தொடர்ந்தது. ஹாக்ஸ் தனியாக இருந்த காலத்தில் அதன் முகவரி பிக்கடில்லிக்கு அருகில் டென்மன் தெரு. இவர்களின் போட்டியாளரான பெஸ்ஸன் நிறுவனத்தின் முகவரி யூஸ்டன் சாலை 198. 1948இல் அதுவும் பூசி அண்ட் ஹாக்ஸ் கைக்குப் போனது. பெயர் அழிந்தாலும் கதவு எண் காட்டிக்கொடுக்கும் என்று அன்று கற்றோம்.

ஆனால் முகவரியும் எழுத்துத்தானே? அதையும் பொய்யாகப் பொறிக்கலாம். எனவே உடலைப் பார்த்தோம். வால்வுகளின் பின்புறத்தில் சிறு சிறு வளைகுழல்கள் கூடுதலாக ஒட்டியிருந்தன. முதலில் அவற்றை அலங்காரம் என்று நினைத்தேன். அவை அந்தக் கருவியின் மூளை. ஒரு வால்வை அழுத்தினால் காற்று செல்லும் பாதை நீள்கிறது, சுருதி இறங்குகிறது. இரண்டு மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒரு சிக்கல் எழும்: குழல் ஏற்கெனவே நீண்டுவிட்டதால், அடுத்த வால்வு கூட்டும் நீளம் போதாமல் சுருதி சற்று ஏறி நிற்கும். பூசி நிறுவனத்தின் டேவிட் பிளேக்லி 1874இல் இதற்கு வழி கண்டார். வால்வுகள் சேர்ந்து அழுந்தும்போது மட்டும் காற்று இன்னொரு முறை சுற்றிவந்து, பற்றாத நீளத்தை ஈடுசெய்துகொள்ளும் அமைப்பு அது. விழுக்காட்டுக் கணக்கு தெரிந்த ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இதைக் கரும்பலகையில் விளக்கிவிடலாம், நான் விளக்கினேன். (கணித ஆசிரியர் என்னை முறைத்தது வேறு கதை.) காப்புரிமைக் காலம் முடிந்ததும் பிறரும் இவ்வமைப்பைப் பின்பற்றினர் என்பதால், இதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. முகவரியும் அமைப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்பதே சான்று.

அடுத்து எண்கள். வால்வு உறையில் வரிசை எண் அடித்திருந்தது; ஒவ்வொரு பிஸ்டனையும் கழற்றிப் பார்த்தோம். பழைய கருவிகளில் இது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். இரண்டு மூன்று உடைந்த கருவிகளின் உறுப்புகளைக் கூட்டி ஒன்றாக்கி விற்பது உண்டு. அப்படியானால் எண்கள் முரண்படும். எங்களுடையதில் முரண் இல்லை. இங்கே என் மூன்று மணி நேர உழைப்பின் அருமை மறுபடி விளங்கியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வரிசை எண் வைத்திருந்தது. ஒரே எண் பூசியிடமும் இருக்கும், பெஸ்ஸனிடமும் இருக்கும். பெயர் தெரியாத எண், ஊர்ப்பெயர் இல்லாத வீட்டு எண் போன்றது. டார்ச்லைட் அந்த 295ஐக் காட்டியிராவிட்டால் எண் இருந்தும் பயனில்லை.

இனி அந்தத் தெரெண்டாக் கதை. சுங்கை ஊடாங்கில் உள்ள அம்முகாமில் 1960களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் தங்கியிருந்தது உண்மை. கதை சொல்பவர்கள் உண்மையான ஓர் ஆணியில்தான் பொய்ச் சட்டையை மாட்டுவார்கள். பிரிட்டிஷ் அரசுச் சொத்துகளில் அகன்ற அம்புக்குறி ஒன்று அடித்திருப்பது வழக்கம்; எங்கள் கருவியில் அது இல்லை. ஆயினும் படைப்பிரிவுகள் சொந்த நிதியில் வாங்கிய கருவிகளும் உண்டு என்பதால் குறி இல்லாததை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. முடிவு சொன்னது ஓசை. காலைச் சபைக்கூடலில் தேவாரத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியத்தை எடுத்துவந்து, ஊதத் தெரிந்த ஓர் இளைஞரை அழைத்து ஊதச் செய்தோம். சேரவில்லை. சுருதிக் குழலை முடிந்தவரை வெளியே இழுத்தும் கருவி ஏறியே நின்றது. கைப்பேசியில் அளந்தோம், ஓர் அரைச்சுருதியில் ஏறத்தாழப் பாதி அதிகம்.

இது பழுதன்று, காலக்குறி. இன்று உலகெங்கும் 440 அதிர்வெண்ணை அடிப்படைச் சுருதியாகக் கொள்கிறோம். பிரிட்டனில் முன்பு 452.5 என்ற உயர்சுருதி வழக்கில் இருந்தது. பிரிட்டிஷ் இராணுவம் 1920களின் இறுதியில் அதைக் கைவிட்டுத் தாழ்சுருதிக்கு மாறியது; ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நடத்திய பித்தளை இசைக்குழுக்கள் மட்டும் 1960களின் நடுப்பகுதிவரை உயர்சுருதியை விடவில்லை. ஆகவே, அறுபதுகளின் பட்டாளக் குழு இந்தக் கருவியை ஊதியிருக்க வழியில்லை. ஊதியிருந்தால் பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்தியிருப்பார்கள். அதற்கு முந்தைய பட்டாளமாகவோ, ஏதேனும் ஒரு பொதுமக்கள் குழுவாகவோ இருக்கலாம். தெரெண்டாக் அல்ல.

இவ்வளவு கண்டறிந்ததில் கருவியின் விலை ஏறியதா? இறங்கியது! உயர்சுருதிக் கருவி இன்றைய குழுவோடு சேர்ந்து ஊத உதவாது. எனவே வாங்குவோர் குறைவு. செய்தவர் பெயர் பெரியது என்பதற்காக நாங்கள் அதற்கு அதிகம் கொடுத்தோம்; எங்கள் பள்ளிக்குத் தேவைப்பட்டதோ பெயரன்று, சுருதி சேரும் கருவி. எழுநூறு வெள்ளியை என் கையிலிருந்து சங்கத்துக்குத் திருப்பிக் கட்டினேன். லாரி ஓட்டும் அந்தப் பெற்றோர் வேண்டாம் என்றார். பொருளாளர் அம்மையார் பேசாமல் ரசீது எழுதினார். பொருளாளர் செய்ததே சரி.

என் சக ஆசிரியர்கள் சிலர் இதையெல்லாம் வீண் வேலை என்கிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லையாம். வரலாறு 2014இல் நான்காம் ஆண்டிலேயே தனிப் பாடமாக வந்தது. வரலாற்றுச் சான்று என்றால் என்ன என்று நாம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஒரு பழைய உலோகக் குழலை மேசைமீது வைத்து, "இதில் எழுதியிருப்பதை நம்பலாமா? ஏன்?" என்று கேட்டால் பாதிப் பாடம் முடிந்தது. 'பாகிஸ்தான்' என்று பொறித்திருந்தால் அது 1947க்கு முந்தையது ஆகாது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1918க்கு முன்பு இல்லை. நாடுகள் பிறந்ததும் மறைந்ததும் குழலின் அடியில் எழுதியிருக்கிறது. இதைவிட நல்ல துணைப்பொருள் ஏது?

இன்னொரு குரலும் வந்தது: "தமிழ்ப்பள்ளிக்கு வெள்ளைக்காரன் வாத்தியம் எதற்கு?" தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி 1832இல் மறைவதற்கு முன்பே தம் அரண்மனையில் மேனாட்டு இசைக்குழு வைத்திருந்தார் என்பதை மட்டும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். நம் நாகசுரத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை வாசித்த பாரி நாயனத்தைச் செய்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசித்தவர் பெயரை அறிந்தவர்களில் செய்தவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2022இல்தான்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நகரத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது பலர் பித்தளைச் சாமான்களைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டார்கள். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குடமோ, தாளமோ, ஊதுகுழலோ, தராசில் ஏற்றுமுன் ஒருமுறை பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து இருந்தால் படம் எடுங்கள். எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வதானால் தயவுசெய்து புளி வேண்டாம். வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். விளக்குக்குப் புளி போடுங்கள்; அதை நான் தடுக்க மாட்டேன், என் அம்மாவும் விட மாட்டார்.

ஆசிரியர்களுக்கு: பழைய கருவி வாங்கப் போகும்போது ஊதத் தெரிந்த ஒருவரையும் சுருதி அளக்கும் ஒரு கைப்பேசியையும் அழைத்துச் செல்லுங்கள். பெயரைக் கடைசியில் பாருங்கள்.

பூசி அண்ட் ஹாக்ஸ் நிறுவனத்தின் பழைய கருவிகளையும் உற்பத்திப் பதிவேடுகளையும் இலண்டனிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகம் 2004இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. எங்கள் கருவியின் வரிசை எண்ணையும், மாணவர்கள் டார்ச்லைட் வெளிச்சத்தில் வரைந்த படத்தையும் சேர்த்து அங்கே ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். எழுத்து எப்படி அழிந்தது என்பதையும் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும் என்று மாணவர்கள் வற்புறுத்தினர். சொல்லியிருக்கிறேன்.